அவசரப் பிரிவிலிருந்து நூறடி தள்ளி ஒரு அறை: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் என் எட்டு மாதம்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எட்டு மாதமாகப் போய்வருகிறேன். மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் விமர்சனம் தேடினால் நூறு கிடைக்கிறது. இந்த மாதிரி இடத்துக்குப் போனால் உள்ளே என்ன நடக்கும், என்ன கேட்பார்கள், மாத்திரை போட்டால் தூங்கிக்கொண்டே இருப்பேனா என்றெல்லாம் நான் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன், போய்வந்த ஒரு ஆள் தமிழில் எழுதியது என் கண்ணில் படவே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே இருப்பதே நாலைந்து பேர், யார் என்று உடனே தெரிந்துவிடும்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம். ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன், அந்த மாதம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வீடு. ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு அடைத்தது. உள்ளங்கை வேர்த்தது, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுருவென்றது, காது அடைத்து, கண்டக்டர் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. "தெரிந்தது" என்றுதான் சொல்ல முடியும், அப்போது சந்தேகமே இல்லை. பக்கத்து சீட்டு அக்கா தண்ணீர் கொடுத்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சேர்த்தார். இ.சி.ஜி. எடுத்தார்கள். "நார்மலா இருக்கும்மா, கேஸா இருக்கும்" என்று வயிற்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

ஒன்றரை மாதத்தில் மூன்று தடவை இதே கதை. மூன்று தடவையும் அதே படுக்கை, அதே இ.சி.ஜி., அதே மாத்திரை. நடுவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்து ஒன்பதாயிரம் செலவானது. எல்லாம் நார்மல். அதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் பயம் கூடிப்போனது. ஒன்றும் இல்லை என்றால் இது என்ன? (தைராய்டு பார்த்தது மட்டும் வீண் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வருமாம், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது என்று பின்னால் மனநல மருத்துவரே சொன்னார்.)

அப்புறம் பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். அடுத்து, கூட்டமான இடத்துக்குப் போவதை விட்டேன். தீபாவளி வரும்போது வீட்டில் தனியாகக் குளிக்கப் போகக்கூடப் பயம், கதவைத் தாழ் போடாமல் வாசலில் பெண்ணை உட்காரவைத்துவிட்டுப் போவேன். அவள் நாலாவது படிக்கிறாள். "அம்மா, பேசிட்டே இருக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் "மனசைத் தைரியமா வெச்சுக்கோ". அத்தை எங்கேயோ பயந்திருக்கிறேன் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

கார்த்திகை பிறக்கும் சமயம், ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி வந்தது. அவசரப் பிரிவுக்கு நாலாவது தடவையாகப் போக வெட்கமாக இருந்தது. எப்போதோ ஒரு சுவரில் பார்த்த எண் ஞாபகம் வந்து 14416க்கு அடித்தேன். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கியது. பெங்களூருவில் இருக்கிற மத்திய அரசின் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் இதற்குத் தலைமை. நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்று சொல்கிறார்கள். காசு கிடையாது, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

எடுத்த பெண் முதலில் என்னைப் பேசவிட்டார். நான் பேசியது பாதி அழுகை. அப்புறம், "காலைத் தரையில நல்லா ஊனி வைங்கம்மா, தரை சில்லுனு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. "மூச்சை இழுக்கறதை விடுங்க, வெளிய விடறதை மட்டும் மெதுவா, நீளமா விடுங்க, நான் எண்ணறேன்" என்றார். எண்ணினார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு விரல் சுருசுருப்பு குறைந்தது. சாகவேண்டும் என்ற எண்ணம் ஏதாவது வருகிறதா என்றும் நேராகவே கேட்டார். இல்லை, செத்துவிடுவேனோ என்ற பயம்தான் என்றேன். கடைசியில்தான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார்: "உங்க ஊர் ஜி.எச்.லயே மனநலப் பிரிவு இருக்கும்மா, ஓ.பி. சீட்டு போட்டுட்டு நேரா போங்க."

மறுநாள் போனேன். அவசரப் பிரிவு வாசலிலிருந்து நூறடி இருக்கும், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு அறை. மூன்று தடவை ஸ்ட்ரெச்சரில் என்னை உள்ளே கொண்டுபோன இடத்திலிருந்து நூறடி! ஒருத்தராவது, அம்மா, அந்த அறையில் போய்ப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் என் மூன்று மாதமும் ஒன்பதாயிரமும் மிஞ்சியிருக்கும், என் மகள் குளியலறை வாசலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது. இந்த ஆஸ்பத்திரியின் மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம் இதுதான், மற்றதெல்லாம் சின்னது.

வெளியே பெஞ்சில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாதிப் பயம் அதில்தான் இருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன், பக்கத்தில் அவன் அப்பா. குடியை நிறுத்த வந்திருந்த ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும். பேரன் பெயர் மறந்துபோகிற ஒரு தாத்தா. மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண், பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கமே இல்லை, பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ரேஷன் கடையில் நிற்கிற நம் ஆட்கள். சின்ன வயதிலிருந்து "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்" என்று கிண்டலாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்துவிட்டோம். சென்னையில் இருக்கிற அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது, இருநூறு வருஷத்துக்கு மேலாக மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற இடம். அதை வசவாக ஆக்கிவைத்ததால்தானே என்னை மாதிரி ஆட்கள் பக்கத்து அறைக்குப் போக மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

மருத்துவர் ஒரு இளம்பெண். தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப்பழக்கம் யாருக்காவது உண்டா, வீட்டுக்காரர் அடிப்பாரா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல், சோர்வாகவே இருக்கிறீர்களா என்றும் கேட்டார், அது மனச்சோர்வு நோயா என்று பார்ப்பதற்காம். எனக்கு அது கொஞ்சம்தான், முக்கியமானது பேனிக் டிசார்டர், பீதி நோய் என்றார்.

அப்புறம் என் ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். முதலில் ஒரு சின்னப் பயம். பயந்ததும் நமக்குத் தெரியாமலே வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். அப்படி வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. அது குறைந்தால் விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். அதைப் பார்த்து, ஐயோ மாரடைப்பு என்று இன்னும் பயப்படுகிறோம். மூச்சு இன்னும் வேகம் எடுக்கிறது. வட்டத்தை பேனாவால் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, "இது உச்சத்துக்குப் போறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது, அதுக்கப்புறம் தானா இறங்கித்தான் ஆகணும். நீங்க மூணு தடவையும் இங்க வந்து சேர்றதுக்குள்ள இறங்கியிருக்கும், அதான் இ.சி.ஜி.ல ஒண்ணும் தெரியலை" என்றார். அந்தச் சீட்டை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று, நெஞ்சுவலி முதல்முறை வந்தால் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும், நேரே பேனிக் என்று நாமே முடிவு கட்டக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

மருந்து. எஸ்சிடாலோபிராம் என்று பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை, முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. கூடவே ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை, குளோனாசெபாம், இரண்டே வாரத்துக்கு. அது பழக்கமாகிவிடும், மெடிக்கலில் கேட்டு வாங்கித் தொடரக்கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். முதல் பத்து நாள் குமட்டல், வாய் வறட்சி, படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரிகூட இருந்தது. பலர் இந்த இடத்தில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்களாம். எனக்கு மூன்றாவது வாரக் கடைசியில்தான் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, "அம்மா, இன்னைக்கு நீ கதவைத் தாழ் போட்டுட்டே" என்று மகள் சொல்லித்தான் கவனித்தேன். நான்காவது மாதம், சரியாகிவிட்டதே என்று நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஓடினேன். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம்வரை தொடர்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்துவைத்தார்கள். இதெல்லாம் எனக்கு எழுதிக்கொடுத்தது, உங்களுக்கு வேறாக இருக்கும், பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

இந்த இடத்திலேயே மிக நல்ல விஷயம் எது என்று கேட்டால் கவுன்சலிங் மேடத்தைத்தான் சொல்வேன். கவுன்சலிங் என்றால் ஆறுதல் சொல்லி, அறிவுரை சொல்லி அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் தடவை போனபோது என்னை வெளியே கூட்டிவந்து, "இந்த மாடிப்படியில மூணு தடவை வேகமா ஏறி இறங்குங்க" என்றார். ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கியது, நெஞ்சு தடதடவென்றது. என் கையை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்து, "இப்ப எப்படி அடிக்குது? அன்னைக்கு பஸ்ல அடிச்ச மாதிரியேதானே?" என்று கேட்டார். அப்படியேதான் அடித்தது. "பயமா இருக்கா?" இல்லை, படி ஏறினதால் அடிக்கிறது. "அவ்ளோதான். அன்னைக்கும் இதே இதயம்தான், இதே அடிதான்." அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றார்.

அப்புறம் பஸ். முதல் வாரம் நிறுத்தத்தில் நின்றுவிட்டுத் திரும்ப வரவேண்டும், ஏறக்கூடாது. அடுத்த வாரம் ஒரே ஒரு நிறுத்தம், வீட்டுக்காரரோடு. அதற்கடுத்து அவர் பின்னால் வண்டியில் வர, நான் மட்டும் பஸ்ஸில். பயம் வந்தால் இறங்கிவிடக்கூடாது, அது ஏறி உச்சிக்குப் போய் இறங்குகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இறங்கி ஓடினால், ஓடினதால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்ளுமாம். ஏழு வாரத்தில் கடைவரைக்கும் தனியாகப் போனேன். விடுமுறையில்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

சரி, குறைகள். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினால் உள்ளே போகப் பதினொன்று ஆகிறது. ஒரே அறையில் இரண்டு மேசை, அடுத்த ஆள் கதவுக்குள்ளேயே நிற்பார், வீட்டில் நடக்கிற பிரச்சினையை யார் அப்படிச் சொல்வார்கள்? நான் குரலைத் தாழ்த்திப் பேசியதில் மருத்துவருக்குப் பாதி காதில் விழவில்லை. ஒரு மறைப்புத் திரை போட எவ்வளவு ஆகிவிடும்! மருந்து கொடுக்கிற ஜன்னலில் "மனநல மருந்து யாரும்மா?" என்று சத்தம் போட்டுக் கூப்பிடுவார் ஒருவர், நான் பேசிப் பார்த்த பிறகு என்னை மட்டும் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுகிறார், மற்றவர்களை இன்னமும் அப்படித்தான். மருத்துவர்கள் மாறுகிறார்கள், எட்டு மாதத்தில் மூன்று பேர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து. இரண்டு தடவை மாத்திரை இருப்பு இல்லை, வெளியே வாங்கினேன். கவுன்சலிங் மேடம் ஒரே ஆள், அவர் வட்டார மருத்துவமனைகளுக்கும் முகாமுக்கும் போகவேண்டும், அதனால் மாதம் இரண்டு தடவை பார்த்தாலே அதிகம். அவர் இடத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும். இதை எழுதிப் புகார்ப் பெட்டியிலும் போட்டிருக்கிறேன்.

தனியாரோடு ஒப்பிடச் சொன்னால், ஒருமுறை பொறுமை போய் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எழுநூறு ரூபாய், குளிரூட்டிய அறை, ஐந்து நிமிஷம், அதே மாத்திரை, படிக்கட்டு கிடையாது. ஒரு போன் ஆப்பிலும் பணம் கட்டிப் பார்த்தேன், தமிழ் என்று போட்டுவிட்டு வந்த பெண் பாதிக்கு மேல் இங்கிலீஷில் பேசினார், "ஒரு மாதிரி இருக்கு" என்று நான் சொன்னால் அது என்ன மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் அவர் மொழியில் சொல்லத் தெரியவில்லை. நல்ல தனியார் மருத்துவர்கள் நிச்சயம் இருப்பார்கள், எனக்கு வாய்த்ததைச் சொன்னேன்.

அத்தைக்கு ஒரு பயம் இருந்தது. "கட்டிப் போட்டுடுவாங்களாடி?" என்றுதான் முதல்நாள் கேட்டார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 நோயாளிகள் தீயில் கருகிச் செத்துப்போனதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இப்போது 2017ஆம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சங்கிலியில் கட்டுவதை அது தடை செய்கிறது, நம் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிறது, அரசு மனநல சிகிச்சை தருவதை நம் உரிமை என்றே எழுதியிருக்கிறது. கடையில் முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று நானும் பயந்தேன், நானாகச் சொல்கிறவரை தெரியவில்லை. அத்தையின் வேண்டுதலுக்காகக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போய்வந்தோம். மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தாராளமா போங்க, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க" என்றார். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அத்தைக்கு அதைக் கேட்டபிறகுதான் மனசு ஆறியது. இப்போது மாத்திரை நேரத்தை எனக்கு ஞாபகப்படுத்துவதே அவர்கள்தான்.

சாகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இதையெல்லாம் படித்து யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே 14416க்கு அடியுங்கள், மாநிலத்தின் 104இலும் பேசலாம். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது, 044-24640050. தன்னார்வலர்கள் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது உண்மை இல்லை. காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்கிற மாதிரி இருந்தால் அது வேறு, அதற்கு மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். சென்னையில் ஸ்கார்ப் என்ற அமைப்பு 1984இலிருந்து முக்கியமாக இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது, டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது.

போகிறவர்களுக்கு: ஆதார் அட்டை, பழைய பரிசோதனைத் தாள்கள், இப்போது போடுகிற எல்லா மாத்திரைகளும் (சர்க்கரை, பிரஷர் உட்பட) ஒரு பையில். குடிக்கத் தண்ணீர். முதல் தடவை கூட ஒருவர் வந்தால் நல்லது, உள்ளே தனியாகப் பேசவேண்டும் என்றால் கேளுங்கள், வெளியே அனுப்புவார்கள். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, எங்கே இருக்கும்போது வந்தது என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோகிறது.

போன மாதம் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள், ஐம்பது வயது இருக்கும், முந்தானையை முகத்துக்குப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு. "இங்க வந்தது யாருக்கும் தெரிஞ்சிடாதே?" என்று என்னிடம் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லி, எந்தக் கடையில் வேலை செய்கிறேன் என்று சொல்லி, எட்டு மாதமாக வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில்தான் வந்தாயா என்று கேட்டார்கள். ஆமாம்மா, பஸ்ஸில்தான் வந்தேன்.